பாரம் ஏத்தினா பின்பக்கம் உக்காருது: பிக்கப் வாசகர்களோட கேள்வியும் பதிலும்

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல ஒரே சமாச்சாரம்தான் சுத்தி சுத்தி வருது. பிக்கப்ல லோடு போட்டா பின்னாடி தாழுது, என்ன மாட்டலாம்னு. அதனால கியர் ஆயில், கிளட்ச் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன், அவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, என்னோடது டபுள் கேப் பிக்கப், பின்னாடி லீஃப் ஸ்பிரிங், அதான் எஃகு பட்டைங்கள ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினது. வெறும் வண்டியா நின்னா நல்லாத்தான் இருக்கு. டூல்ஸ் பெட்டி, ஜெனரேட்டர், 500 லிட்டர் தண்ணி டேங்க் எல்லாம் ஏத்திட்டா பின்பக்கம் அப்படியே உக்காந்து மூஞ்சி வானத்த பாக்குது. ஒரு மெக்கானிக் பட்டையோட வளைவ, அதான் கேம்பர, ஏத்தணும்கிறார், இன்னொருத்தர் ஒரு பட்டை சேர்த்துடலாம்கிறார், கூட வேலை பாக்குற பையன் ஸ்பிரிங்குக்கு உதவியா காத்து அடிச்ச ரப்பர் பை, ஏர் பேக், போடுங்கிறான். நான் யார் பேச்ச கேக்குறது?

பதில்: தம்பி, மூணு பேர்ல யாராச்சும் டேப்ப எடுத்து அளந்தாங்களா? மொதல்ல வண்டிய சமமான தரையில நிறுத்துங்க, டயர் காத்து சரியா இருக்கணும், பாடி காலியா இருக்கணும். சக்கரத்தோட மையத்துல இருந்து நேர் மேல மட்கார்டு விளிம்பு வரைக்கும் எவ்ளோன்னு நாலு பக்கமும் அளந்து எழுதிக்கோங்க. தரையில இருந்து அளக்காதீங்க, டயர் அமுங்கறதும் அதுல சேர்ந்து வந்து குழப்பிடும். அப்புறம் வழக்கமா ஏத்துறத எல்லாம் ஏத்திட்டு அதே நாலு இடத்தயும் இன்னொரு தடவை அளங்க. பின்னாடி எவ்ளோ இறங்குச்சுன்னு எல்லாரும் பாக்குறாங்க, முன்னாடி எவ்ளோ ஏறுச்சுன்னு யாரும் பாக்கறதில்ல, உங்க கேஸ்ல எனக்கு அந்த நம்பர்தான் வேணும்.

லோடு போட்டா பின்பக்கம் இறங்கறது தப்பே இல்ல, அதுக்குத்தான் கம்பெனியிலயே காலி வண்டிக்கு பின்பக்கத்த கொஞ்சம் தூக்கி வெச்சு விடறாங்க. முழு லோடுல வண்டி கிட்டத்தட்ட மட்டமா நின்னா, ஆக்சிலுக்கும், அது மேல வந்து சேஸ்ல இடிக்காம தடுக்கற பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் நடுவுல இடம் இருந்தா, ஸ்பிரிங் அதோட வேலைய ஒழுங்கா பாக்குதுன்னு அர்த்தம். மட்டத்துக்கும் கீழ போய் அந்த ரப்பர் மேலயே வண்டி உக்காந்துட்டாதான் பிரச்சனை, ஏன்னா அதுக்கப்புறம் ஒவ்வொரு பள்ளமும் நேரா சேஸ்லதான் இடிக்கும்.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், மெக்கானிக்குங்க சண்டைக்கு வருவாங்க. "ஸ்பிரிங் தளர்ந்து போச்சு"ன்னு சொல்றோம்ல, எஃகு அப்படி தளராது. 100 கிலோ வெச்சா புதுசுல எத்தனை மில்லிமீட்டர் அமுங்குச்சோ, வருஷக்கணக்கா ஓடுன பிறகும் ஏறக்குறைய அத்தனைதான் அமுங்கும். பட்டைல விரிசல் விட்டிருந்தா, துரு தின்னு மெலிஞ்சிருந்தா கதை வேற. வருஷம் போகப் போக குறையறது வளைவு, அதாவது கேம்பர். பட்டை கொஞ்சம் கொஞ்சமா நிரந்தரமா நிமிர்ந்துடும், அதனால காலியா நிக்கும்போதே தாழ்வா ஆரம்பிக்குது, லோடு போட்டதும் சீக்கிரமா அடியில போய் முட்டுது. அப்படின்னா கேம்பர் போன ஸ்பிரிங்குக்கு அடையாளம் காலி வண்டியோட உயரத்துலயே தெரியும். உங்க வண்டி காலியா நல்லா நிக்குதுன்னு சொல்றீங்க, அளந்து பாத்தும் அப்படியே இருந்தா கேம்பர் ஏத்தறதுல உங்களுக்கு பெருசா ஒண்ணும் கிடைக்காது. உங்க பிரச்சனை ஒண்ணு எடை, இல்ல எடை வெச்ச இடம்.

எடையப் பாப்போம். தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோ, டேங்க் நிறைஞ்சா அதுவே 500 கிலோ. உங்க வண்டியோட பிளேட்டுல மொத்த எடை 3,000 கிலோன்னு இருக்கு, வெறும் வண்டி 2,000 கிலோன்னு ஒரு உதாரணத்துக்கு வெச்சுக்குவோம். மிச்சம் 1,000 கிலோ முழுசும் சாமானுக்குன்னு நினைச்சுக்கறாங்க, அங்கதான் கணக்கு உதைக்குது. அஞ்சு பேர் ஏறினா ஆளுக்கு 75 கிலோன்னாலும் 375 போச்சு, இரும்பு பம்பர், மேல கூண்டு, பாடிக்குள்ள போட்ட தகடு எல்லாம் சேர்ந்து 150 போச்சுன்னா உங்க கையில நிக்கறது 475 கிலோதான். தண்ணி டேங்க்லயே அது தாண்டிடுச்சு, ஜெனரேட்டர் இன்னும் ஏறவே இல்ல. அதனால எடை மேடைக்கு போய் முழு வண்டிய ஒரு தடவை, பின் சக்கரத்த மட்டும் மேடைல ஏத்தி ஒரு தடவை போடுங்க. மொத்தம் சரியா இருந்தும் பின் ஆக்சில் அளவு தாண்டி இருக்கற வண்டி எக்கச்சக்கம்.

அடுத்தது வெச்ச இடம். முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் நடுவுல 3 மீட்டர்னு வெச்சுக்கோங்க. 500 கிலோ டேங்க கேபினோட முதுகுல ஒட்டி, பின் ஆக்சிலுக்கு 40 சென்டிமீட்டர் முன்னாடி வெச்சா பின் ஆக்சிலுக்கு ஏறக்குறைய 433 கிலோ போகும், முன்னாடிக்கு 67 கிலோ போகும். அதே டேங்க ஆக்சிலுக்கு 60 சென்டிமீட்டர் பின்னாடி, டெயில் கேட் பக்கமா தள்ளி வெச்சீங்கன்னா பின் ஆக்சில் 600 கிலோ சுமக்கும், முன் ஆக்சில்ல இருந்து 100 கிலோ கழண்டுடும். டேங்க் அதே டேங்க்தான், ஸ்பிரிங்குக்கு மட்டும் 167 கிலோ கூடிப்போச்சு. மூஞ்சி வானத்த பாக்குதுன்னு சொன்னீங்களே, அதனாலதான் முன்னாடி எவ்ளோ ஏறுச்சுன்னு அளக்க சொன்னேன். அங்க நல்லா ஏறி இருந்தா உங்க லோடுல பெரும்பங்கு ஆக்சிலுக்கு பின்னால தொங்குதுன்னு அர்த்தம், ஸ்டீயரிங் லேசா மிதக்கற மாதிரி இருக்கறதும், ராத்திரி எதிர்ல வர்றவன் எல்லாம் உங்க மேல டிம் அடிச்சு திட்டறதும் அதனாலதான். டேங்க கேபின் ஓரமா கொண்டு வாங்க, ஜெனரேட்டர் அதுக்கடுத்து, இலேசான சாமான் கடைசியா. காசு செலவில்லாத வேலை, பாதி பேருக்கு பிரச்சனை இதோட முடிஞ்சிரும்.

இதெல்லாம் பண்ணி, எடையும் அளவுக்குள்ள இருந்து, அப்பயும் தாழுதுன்னா அப்ப ஸ்பிரிங்குல கை வைங்க. டேங்கும் டூல்ஸும் தினமும் வண்டியிலயே இருக்கும்னா உங்க ரெண்டாவது மெக்கானிக் சொன்னது சரி, பட்டை சேர்க்கலாம், இல்லன்னா கூடுதல் தாங்குற முழு செட்டே மாத்தலாம். சேர்க்கற பட்டை நீளமானதா இருக்கட்டும். குட்டையா ஒரு பட்டைய நடுவுல சொருகி விடறது சுலபம்தான், ஆனா அதோட நுனி எங்க முடியுதோ அந்த இடத்துல மேல இருக்கற பட்டைக்கு அழுத்தம் குவிஞ்சு அங்கயே உடையும், ஓட்டும்போதும் குதிக்கும். பட்டையோட தடிமன் விஷயத்துல பேராசை வேண்டாம், விறைப்பு தடிமனோட கியூபுக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏத்த மாதிரி கூடும், நீளம் அகலம் ஒண்ணா இருந்தா 7 மில்லிமீட்டர் பட்டையவிட 8 மில்லிமீட்டர் பட்டை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பு. ஒரு மில்லிமீட்டர்தானேன்னு போட்டுட்டு அப்புறம் காலி வண்டில இடுப்பு ஒடியுதுன்னு எழுதாதீங்க.

மாட்டும்போது, ஸ்பிரிங்க ஆக்சிலோட சேர்த்து கட்டற யூ போல்ட் புதுசு போடுங்க, பழச இறுக்கினா ஏற்கனவே இழுபட்ட போல்ட்ட இன்னொரு தடவை இழுக்கறோம்னு அர்த்தம். குறுக்கு மறுக்கா இறுக்கணும். ஸ்பிரிங் நுனில ரப்பர் புஷ்ஷுக்குள்ள போற புஷ் போல்ட்ட மட்டும் வண்டி ஜாக்கில தொங்கிட்டு இருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக்கூடாது, சக்கரத்த தரையில வெச்சு வண்டி தன் எடையில உக்காந்த பிறகு இறுக்கணும், இல்லன்னா ரப்பர் முறுக்கின நிலையிலயே மாட்டிக்கிட்டு சீக்கிரம் கிழியும். சில நூறு கிலோமீட்டர் லோடோட ஓடின பிறகு யூ போல்ட்ட திரும்ப ஒரு தடவை இறுக்கி பாருங்க, பட்டைங்க ஒண்ணோட ஒண்ணு படிஞ்சு கொஞ்சம் தளர்வு விட்டிருக்கும்.

இன்னொண்ணு, இத சொல்லாம விட முடியாது. பட்டை சேர்த்தாலும் ஏர் பேக் போட்டாலும் பிளேட்டுல இருக்கற எடை அளவு ஒரு கிலோ கூட கூடாது. ஆக்சில், பேரிங், டயர், பிரேக், சேஸ் எல்லாம் பழசுதானே. வண்டி மட்டமா நிக்கறதால லோடு கம்மின்னு ஆகிடாது.

கேள்வி: பின் ஸ்பிரிங்க கழட்டி பட்டறைல கேம்பர் ஏத்தி மாட்டினேன். கொஞ்ச நாள் ஜம்முனு நின்னுச்சு, இப்ப திரும்ப பழைய குருடி கதவ திறடி கதைதான். ஏமாத்திட்டாங்களா?

பதில்: ஏமாத்தினாங்கன்னு சொல்ல மாட்டேன், அந்த வேலையோட குணமே அதுதான். பட்டைய குளிர்ந்த நிலையிலயே சுத்தியலாலயோ பிரஸ்லயோ தட்டி வளைச்சா உயரம் உடனே கிடைக்கும், லோடு ஏற ஏற அது திரும்ப நிமிரும். ஒழுங்கா பண்ணணும்னா பட்டைய சூடுபண்ணி வளைச்சு, எண்ணெயில குளிர வெச்சு கடினமாக்கி, மறுபடி குறைஞ்ச சூட்டுல பதப்படுத்தணும். இந்த கடைசி ரெண்டு வேலையும் இல்லாம கேஸ் கட்டர வெச்சு சிவக்க சிவக்க சூடாக்கி வளைச்சு தர்றவங்க இருக்காங்க, அந்த பட்டை ஒண்ணு மிருதுவாகிடும், இல்ல படக்குனு உடையும். கேம்பர் ஏத்தினாலும் நான் மேல சொன்ன மாதிரி கிடைக்கறது உயரம் மட்டும்தான், விறைப்பு பழையதேதான். இதுக்கு மேலயும் அதே பட்டைக்கு செலவு பண்ணாதீங்க, புது செட்டுக்கு சேர்த்து வைங்க, ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்துங்க. உடைஞ்ச பட்டைய வெல்டிங் வெச்சு தர்றேன்னு யாராவது சொன்னா அந்த பக்கமே போகாதீங்க.

கேள்வி: ஷாக் அப்சார்பர் நாலும் புதுசு மாத்தினா பின்பக்கம் தூக்கிடுமா?

பதில்: தூக்காது. எடைய சுமக்கறது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங் ஆடற ஆட்டத்த அடக்கறதோட சரி. கேஸ் நிரப்பின ஷாக்ல துளி உயரம் வரும், அத நம்பி லோடு போட முடியாது. காத்து அடிக்கிற ஷாக்கும் இருக்கு, தூக்கவும் செய்யும், ஆனா அப்ப அந்த எடையெல்லாம் ஷாக் மாட்டற பிராக்கெட் மேல போகும், அது எடை தாங்கறதுக்குன்னு செஞ்ச இடமே இல்ல.

கேள்வி: அண்ணே வணக்கம். மாசத்துல ஒண்ணு ரெண்டு தடவைதான் கனமா லோடு போடுவேன், மத்த நாள் குடும்பத்தோட போற வண்டி. ஏர் பேக் போடலாம்னு முடிவே பண்ணிட்டேன், ஆனா ஏர் பேக் போட்டா சேஸ் வளைஞ்சிடும்னு ஒருத்தர் பயமுறுத்தறார். உண்மையா?

பதில்: உங்க மாதிரி எப்பவாவது லோடு போடறவங்களுக்குத்தான் ஏர் பேக் பொருத்தம், காலியா போகும்போது காத்த இறக்கிட்டா பழைய மாதிரி மெத்துன்னு ஓடும். சேஸ் பயமும் பொய் இல்ல. லீஃப் ஸ்பிரிங் எடைய சேஸ்ல ரெண்டு இடத்துல பிரிச்சு கொடுக்குது, முன்னாடி நுனிய சேஸ்ல பிடிக்கற ஹேங்கர்ல ஒண்ணு, பின்னாடி நுனிய சேஸோட இணைச்சு ஆட விடற ஷேக்கிள்ல ஒண்ணு, நடுவுல ஒரு மீட்டருக்கு மேல தூரம். ஏர் பேக் என்ன பண்ணுது, ஆக்சிலுக்கு நேர் மேல, பம்ப் ஸ்டாப் இருந்த இடத்துல ஒரே புள்ளியில சேஸ கீழ இருந்து முட்டி தூக்குது. பின்னாடி டெயில் கேட் பக்கம் கனம், அதுக்கும் பின்னாடி டிரெய்லர் தொங்கல், வண்டி பள்ளத்துல விழுந்து எழும்போது அந்த ஒரு புள்ளிய நடுவா வெச்சு சேஸ் மடங்க பாக்குது. கேபினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற இடைவெளி மேல அகலமாவும் கீழ குறுகலாவும், இல்ல தலைகீழா, மாறி இருந்தா சேஸ் வளைய ஆரம்பிச்சாச்சுன்னு புரிஞ்சுக்கணும்.

அப்ப எப்படி போடறது? எடை அளவுக்குள்ள இருக்கணும், லோடு ஆக்சிலுக்கு முன்னாடி இருக்கணும், பேக்ல அடிக்கிற காத்து உதவிக்கு மட்டும் இருக்கணும். லோடு ஏத்தின பிறகு காலி வண்டி உயரத்துக்கே கொண்டு வர்றேன்னு அடிச்சுட்டே போகாதீங்க, மட்டமா வந்ததும் நிறுத்திடுங்க, மிச்சத்த ஸ்பிரிங் சுமக்கட்டும். காலியா ஓடும்போதும் பேக்ல காத்து சுத்தமா இல்லாம விடக்கூடாது, ரப்பர் மடிஞ்சு கிள்ளி ஓட்டை விழும், நிறைய கிட்ல 5 பிஎஸ்ஐயாவது வெச்சிருக்க சொல்றாங்க, உங்க கிட்டோட பேப்பர்ல பாத்துக்கோங்க. ரெண்டு பேக்குக்கும் தனித்தனி குழாய் போட சொல்லுங்க. ஒரே குழாய்ல இணைச்சா வளைவுல வண்டி சாயும்போது அமுங்கற பக்கத்து காத்து அடுத்த பக்கத்துக்கு ஓடிடும், சாய்றது இன்னும் கூடும். உங்க வண்டி பின்னாடி காயில் ஸ்பிரிங் உள்ள மாடலா இருந்தா, 2009க்கு அப்புறம் வந்த ராம் 1500 மாதிரி, பேக் காயிலுக்கு உள்ளயே உக்காரும், எடை விழற இடம் மாறாது, இந்த பயம் அங்க குறைவு. காத்து வேலையெல்லாம் யாரு பாக்கறதுன்னு நினைச்சா பம்ப் ஸ்டாப் இடத்துல மாட்டற கனமான ரப்பர் ஹெல்ப்பர் இருக்கு, கவனிப்பே வேண்டாம், ஆனா எடை விழற இடம் இதுலயும் அதே புள்ளிதான்.

கேள்வி: எங்க பிக்கப்புக்கு பட்டை சேர்த்து பின்னாடி நல்லா உயர்ந்துடுச்சு. ஆனா அதுல இருந்து லோடோட பிரேக் அடிச்சா முன்னாடி மட்டும் குத்துற மாதிரி இருக்கு, நிக்கற தூரமும் கூடின மாதிரி தோணுது. பிரேக் ஷூ நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டாங்க. வீட்ல நான்தான் வண்டி ஓட்டறது, பயமா இருக்கு அண்ணா.

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான்மா, கேட்டது நல்லதா போச்சு. வண்டிக்கு கீழ பின் ஆக்சில் பக்கம் டார்ச் அடிச்சு பாருங்க. சேஸ்ல ஒரு சின்ன வால்வு மாட்டி, பிரேக் பைப் உள்ள போய் வெளிய வரும், அதுல இருந்து ஒரு கம்பியோ நீள ஸ்பிரிங்கோ ஆக்சில் வரைக்கும் போகும். எல்எஸ்பிவின்னு சொல்லுவாங்க, லோடு எவ்ளோன்னு பாத்து பின் பிரேக்குக்கு அழுத்தத்த கூட்டி குறைக்கற வால்வு. அதுக்கு எடை தெரியாது, தெரியறது உயரம் மட்டும்தான். சேஸ் ஆக்சில் கிட்ட வந்தா லோடு இருக்கு, தூரமா இருந்தா காலின்னு எடுத்துக்கும். நீங்க பட்டை போட்டு உயர்த்தினதால முழு லோடுலயும் வண்டி காலின்னு நினைச்சு பின் பிரேக்க குறைச்சிடுது, அத்தனையும் முன் பிரேக் தலைல விழுது.

வால்வு இருக்கற வண்டியா இருந்தா அந்த கம்பிய புது உயரத்துக்கு ஏத்த மாதிரி செட் பண்ணணும், கம்பெனி மேனுவல்ல அளவு போட்டிருக்கும், பிரஷர் கேஜ் மாட்டி பாத்து செய்றவங்ககிட்ட விடுங்க. கண் அளவுல கம்பிய வளைச்சு விட்டா காலி வண்டில ஈர ரோட்டுல பின் சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி சுத்திடும். சில புது வண்டிங்கள்ல இந்த வால்வே இருக்காது, ஏபிஎஸ்சோட சேர்ந்து எலக்ட்ரானிக்காவே பின் பிரேக்க பாத்துக்கும், அப்ப வேற காரணம் தேடணும். சரியாகற வரைக்கும் லோடு ஏத்தாதீங்க.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும், அதுவும் காலியா நிக்கும்போதே தாழ்வா இருக்கு. டிரைவர் உக்கார்ற பக்கம்னு விட்டுடலாமா?

பதில்: சில மில்லிமீட்டர்னா விட்டுடலாம், பெட்ரோல் டேங்க், பேட்டரி, டிரைவர் எல்லாம் ஒரே பக்கமா சேர்ந்தா அவ்ளோ வித்தியாசம் வரும். விரல் அளவுக்கு மேல இருந்தா கீழ படுத்து பாக்கணும், வண்டிய சேஸுக்கு ஸ்டாண்ட் கொடுத்து நிறுத்திட்டு, வெறும் ஜாக்க நம்பி இல்ல. ஒவ்வொரு பட்டையயும் கம்பி பிரஷ்ல தேய்ச்சு பாருங்க. உடைஞ்ச இடம் பெரும்பாலும் நடுவுல பட்டைங்கள ஒண்ணா கோக்கற சென்டர் போல்ட் ஓட்டை பக்கத்துல, யூ போல்ட்டுக்கு உள்ள மறைஞ்சு இருக்கும், வெளியில தெரியறது ஒரு மெல்லிசான துரு கோடுதான். இல்லன்னா கீழ் பட்டை நுனி மேல் பட்டைய உரசற இடத்துல இருக்கும். ஷேக்கிள் துரு பிடிச்சு அசையாம இறுகி இருந்தாலும் ஒரு பக்கம் தாழ்வாவோ உயரமாவோ நின்னுடும், ஏன்னா பட்டை நிமிரும்போது நீளம் கூடும், அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கறதுதான் ஷேக்கிள். அப்படியே முன் சக்கர மையத்துல இருந்து பின் சக்கர மையம் வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க. வித்தியாசம் வந்தா சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்திருக்கும், வண்டி நண்டு மாதிரி கோணலா போகும், அத வெச்சுக்கிட்டு ஓட்டாதீங்க.

கேள்வி: நீளமான ஷேக்கிள் போட்டாலே உயர்ந்துடும்னு சொல்றாங்களே, செலவும் கம்மி?

பதில்: உயரும். ஷேக்கிள் எவ்ளோ நீளம் கூடுதோ அதுல ஏறக்குறைய பாதி. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல பிளாக் வெச்சா முழுசா உயரும். ரெண்டுலயும் தாங்கற சக்தி ஒரு துளி கூடாது, காலி உயரம் மாறும், லோடு போட்டா எவ்ளோ இறங்குச்சோ அவ்ளோதான் இறங்கும். நீள ஷேக்கிள்ல ஆக்சிலோட கோணமும் மாறி இன்ஜின் சக்திய பின் ஆக்சிலுக்கு கொண்டு போற புரப்பல்லர் ஷாஃப்ட் நடுங்க ஆரம்பிச்சா அப்புறம் அதுக்கு ஆப்பு வெட்டி வைக்கணும்.

கேள்வி: பாடில ஒண்ணுமே இல்ல, டிரெய்லர் மட்டும்தான் இழுக்கறேன். அதுக்கே பின்பக்கம் தாழுது. டிரெய்லர் சக்கரம்தானே எடைய சுமக்குது?

பதில்: முழுசா இல்லங்க. டிரெய்லர் எடைல 10ல இருந்து 15 சதவீதம் வரைக்கும் கொக்கி மேல இருக்கறதுதான் சரி, அதுக்கும் கீழ போனா டிரெய்லர் வால ஆட்டும். 1,500 கிலோ டிரெய்லர்னா 150 கிலோ கொக்கில. அந்த கொக்கி பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னாடி இருந்து, ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவுல 3 மீட்டர்னா, பின் ஆக்சில் மேல 210 கிலோ ஏறும், முன்னாடி 60 கிலோ குறையும். ஸ்பிரிங்க விறைப்பாக்கினா பின்பக்கம் உயரும், ஆனா முன்னாடி போன 60 கிலோ திரும்பி வராது. எடைய முன்னாடிக்கும் டிரெய்லர் ஆக்சிலுக்கும் பிரிச்சு தள்ற கொக்கி தனியா இருக்கு, கம்பி ரெண்டு வெச்சு வரும், உங்க வண்டி கம்பெனி அத அனுமதிச்சிருக்கான்னு மேனுவல்ல பாத்துட்டு அத போடுங்க. அதுக்கு முன்னாடி டிரெய்லர் உள்ள சாமான் எங்க இருக்குன்னு ஒரு தடவை பாருங்க, மூக்குல குவிச்சு வெச்சிருந்தா நடு ஆக்சில் பக்கம் தள்ளுங்க, கொக்கி எடை 10 சதவீதத்துக்கு கீழ போகாம.